கர்டோசா: கண்ணாடிச் சட்டத்தில் வந்த குடும்பப் பெயர்

குடும்பப் பெயரின் பிறப்பையும் பொருளையும் ஆராய்ந்து, அழகாக அச்சிட்டு, கண்ணாடிச் சட்டமிட்டு வீட்டுக்கே அனுப்பி வைப்பதாக விளம்பரம் செய்யும் ஓர் இணைய நிறுவனத்துக்குச் சென்ற மார்கழியில் 2,850 ரூபாய் கட்டினேன். பெரியப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த வேளையில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டதே இதற்குக் காரணம். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. வாங்கிய பொருள் எப்படியிருந்தது, சொன்ன செய்தியில் எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்பதை மட்டும் எழுதுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையின் உள்நாட்டுப் பகுதிகளில் குடும்பப் பெயர் என்ற ஒன்று பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயருமே போதும் என்று வாழ்ந்துவிட்டு, கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் கண்டதும் விழிப்பவர்கள்தான் நம்மில் அதிகம். கடற்கரை அப்படியன்று. கூட்டப்புளி, இடிந்தகரை, உவரி, மணப்பாடு, தூத்துக்குடி என்று நீளும் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்குப் பல தலைமுறைகளாகக் குடும்பப் பெயர்கள் உண்டு. அவற்றில் பர்னாந்து என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். கர்டோசா என்று கூப்பிட்டால் எங்கள் ஊரில் திரும்புவது எங்கள் வீடு ஒன்றுதான். நான் பிழைப்புக்காகப் பாளையங்கோட்டைக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆன பின்பும், புதிதாகப் பார்ப்பவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு 'கோவாவா?' என்று விசாரிப்பது நிற்கவில்லை.

விண்ணப்பப் படிவம் மூன்றே விவரங்களைக் கேட்டது: ஆங்கில எழுத்தில் குடும்பப் பெயர், வசிக்கும் நாடு, சட்டத்துக்கு வேண்டிய நிறம். பெயரை வீட்டில் எப்படி உச்சரிக்கிறீர்கள், எந்த ஊர், பழைய பத்திரங்களில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்றெல்லாம் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. சட்டத்தின் நிறத்தைக் கேட்டவர்கள் ஊரைக் கேட்கவில்லையே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் பொதி வந்து சேர்ந்தது. கட்டி அனுப்பியதில் குறை ஏதுமில்லை. நான்கு மூலைகளிலும் அட்டை வைத்து, கண்ணாடியின் மேல் பஞ்சுத்தாள் சுற்றியிருந்தார்கள். சட்டத்தைத் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் காட்டினேன். நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, இது மாமரம், தேக்கு நிறம் ஏற்றியிருக்கிறது, ஆனாலும் மூலை இணைப்பு ஒழுங்காக இருக்கிறது என்றார். உள்ளே தடித்த தாளில் பொன்மையால் அச்சிட்ட கேடயம், அதன்மேல் இரும்புத் தலைக்கவசம், கேடயத்தின் நடுவே ஊதா நிறப் பூவுடன் ஒரு முட்செடி. அடியில் ஆங்கிலத்திலும் தமிழிலும் நான்கு வரிகள். கூடவே 14 பக்கத்தில் ஒரு சிறு ஏடும் இருந்தது.

முதலில் சரியானதைச் சொல்லிவிடுகிறேன். பெயரின் பொருளை அவர்கள் தவறாகச் சொல்லவில்லை. போர்த்துக்கீசிய மொழியில் 'கர்தோ' என்பது ஒரு வகை முட்செடியைக் குறிக்கும். அச்செடி மண்டிக்கிடக்கும் இடம் என்பது 'கர்தோசோ'. அத்தகைய இடத்தில் குடியிருந்தவர்களுக்கு இடத்தின் பெயரே அடையாளமாகி, காலப்போக்கில் குடும்பப் பெயராகவும் நிலைத்தது. நம் பக்கத்தில் நாங்குநேரிக்காரர், ஆழ்வார்திருநகரிக்காரர் என்று சொல்வதில்லையா, அதே வழக்கம்தான். ஐரோப்பாவில் அது தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டது; நம்மிடம் அவரோடு நின்றுவிடுகிறது. எங்கள் கரையில் புழங்கும் மற்றப் பெயர்களும் இப்படி எளிய பொருளுடையவைதாம். மச்சாது என்றால் கோடரி, லோபோ என்றால் ஓநாய், பெரைரா என்றால் பேரிக்காய் மரம், கர்வாலோ என்றால் கருவாலி மரம், சில்வா என்றால் காடு. பெயரைக் கேட்டு மிரண்டுபோகிறவர்களுக்கு இதைச் சொன்னால் சற்று ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

ஆனால் அந்தச் செடியைத் தமிழில் சொல்லும் இடத்திலேயே ஏடு தடுமாறியது. 'நெருஞ்சி நிறைந்த நிலம்' என்று மூன்றாம் பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். நெருஞ்சி தரையோடு தரையாகப் படர்வது, மஞ்சள் பூ பூப்பது, வெறுங்காலில் நடப்பவனைக் குத்துவது. போர்த்துகலின் கர்தோவோ இடுப்பளவுக்கும் மேலே நிமிர்ந்து வளர்வது. அதன் பூ ஊதா நிறம். அந்நாட்டு மலைப்பகுதிகளில் ஆட்டுப்பாலைத் திரியவைத்துப் பாலாடைக்கட்டி செய்வதற்கு அதன் பூவிழைகளை ஊறவைத்துச் சேர்ப்பார்கள். எங்கள் கரையில் அச்செடி முளைப்பதில்லை. இங்கே முள் என்றால் உடைமரம், தாழை, மணல்மேட்டில் கிடக்கும் இராவணன் மீசை. மேலே ஊதாப் பூப் படத்தை வரைந்துவிட்டு, கீழே நெருஞ்சி என்று எழுதியவர் இரண்டையும் ஒருமுறையாவது சேர்த்துப் பார்த்திருப்பாரா என்பதே ஐயம்தான். ஒற்றுப்பிழைகளைப் பற்றிச் சொல்லாமல் விடலாம் என்றிருந்தேன். விட மனம் வரவில்லை. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் 16 பக்கத்தில் தமிழெழுத்தில் அச்சேறியது. அதற்குப் பிறகு நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அச்சுத்தொழில் வளர்ந்தும், 14 பக்கத்தைப் பிழை திருத்தி வெளியிட இவர்களால் முடியவில்லை.

இவையெல்லாம் சில்லறைக் குறைகள் என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்க முடியாத தவறு ஆறாம் பக்கத்தில் இருந்தது. எங்கள் முன்னோர் போர்த்துகலிலிருந்து கடல் கடந்து வந்த வீரக்குடியினர் என்றும், கேடயத்தில் உள்ளது அவர்களுடைய குலச்சின்னம் என்றும், அதைப் பெருமையோடு சுவரில் மாட்டி வைக்க வேண்டும் என்றும் அங்கே எழுதியிருந்தது. பெரியப்பா முன்னிலையில் இதை உரக்கப் படித்த என் மகளின் குரல் பாதியிலேயே தேய்ந்துவிட்டது. எங்கள் தாத்தா கட்டுமரத்தில் போனவர். அவருக்கு முந்தியவர்களும் இதே கரையில் வலை இழுத்தவர்களும் முத்துக் குளித்தவர்களும்தாம். நாங்கள் எங்கிருந்தும் கடல் கடந்து வரவில்லை. கடலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தோம், அவ்வளவுதான்.

பெயர் வந்த வழி வேறு. முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாக எழுந்த பகையில் நெருக்கடிக்கு உள்ளான பரதவர்கள், பட்டங்கட்டிகள் எனப்படும் தங்கள் தலைவர்களைக் கொச்சிக்கு அனுப்பிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். அதைத் தொடர்ந்து 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் இக்கரையில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றுக் கிறித்தவர்கள் ஆனார்கள். புனித சவேரியார் வந்து சேர்ந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1542இல். திருமுழுக்கின்போது ஒவ்வொருவருக்கும் ஒரு புதிய பெயர் வேண்டும்; முன்னின்று பொறுப்பேற்க ஒரு ஞானத்தந்தையும் வேண்டும். ஞானத்தந்தையாக நின்றவர் போர்த்துக்கீசியப் படைத்தலைவராகவோ வணிகராகவோ இருந்தால் அவருடைய குடும்பப் பெயரே புதிதாகச் சேர்ந்தவருக்கும் வந்து சேரும். 1544இன் இறுதியில் அடுத்திருந்த திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாகவும், ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரைத் தாமே எழுதிக் கொடுத்ததாகவும் சவேரியார் மறு ஆண்டு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். கை ஓயுமளவுக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக அதற்கு முந்தைய கடிதம் ஒன்றிலும் எழுதியிருக்கிறார். ஆகவே எங்கள் கரையில் குடும்பப் பெயர் இரத்தத்தின் வழியாக வந்ததன்று. ஒரு தொட்டித் தண்ணீரின் வழியாகவும் எழுதிக் கொடுத்த ஒரு நறுக்கின் வழியாகவும் வந்தது. இலங்கையின் மேற்குக் கரையில் பெரேரா, சில்வா, பர்னாந்து என்ற பெயர்கள் பெருகிய கதையிலும் இந்தத் திருமுழுக்குக்கு ஒரு பங்கு உண்டு.

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்தபோது போர்த்துக்கீசிய ஆதிக்கம் இங்கே முடிந்தது. பெயர்கள் மட்டும் போகவில்லை. பெயர்கள் மட்டுமா? சாவியைப் போட்டு அலமாரியைத் திறக்கிறோம், சன்னலோரம் மேசையைப் போட்டு உட்காருகிறோம், சட்டைக்குப் பொத்தான் தைக்கிறோம், ஏலத்தில் மீன் எடுக்கிறோம், மேஸ்திரிக்குக் கூலி கொடுக்கிறோம். இத்தனையும் போர்த்துக்கீசியம் தந்த சொற்கள். சாவி வைத்திருப்பவரெல்லாம் லிஸ்பனிலிருந்து வந்தவர் என்று எவரும் எழுதுவதில்லை. கர்டோசா என்று பெயர் வைத்திருப்பவரைப் பற்றி மட்டும் அப்படி எழுத இந்த நிறுவனத்துக்கு எப்படித் துணிவு வந்தது என்று தெரியவில்லை. இதே கரையில் வில்லவராயர், பூபாலராயர் என்று தமிழ்ப் பட்டங்களையே குடும்பப் பெயராகக் கொண்ட வீடுகளும் இருக்கின்றன. அவர்கள் பணம் கட்டினால் எந்தக் கேடயத்தை அனுப்புவார்கள் என்று அறிய எனக்கு ஆவல்தான்.

கேடயத்தைப் பற்றியும் ஒரு சொல். போர்த்துகலிலும் குலச்சின்னம் என்பது குறிப்பிட்ட ஒருவருக்கோ அவர் வழி வந்த மரபுக்கோ உரியதே ஒழிய, அந்தப் பெயரைக் கொண்ட எல்லோருக்கும் பொதுவானதன்று. முட்செடி மண்டிய இடங்கள் அந்நாட்டில் பல. எனவே ஒன்றோடொன்று உறவே இல்லாத பல குடும்பங்களும் ஒரே பெயரைப் பெற்றிருக்கின்றன. அங்கேயே பொருந்தாத சின்னத்தை இங்கே ஒரு கட்டுமரக்காரர் வீட்டில் மாட்டச் சொல்வது, பாண்டியனின் மீன் கொடியை மீன்கடை வைத்திருப்பவரெல்லாம் ஏற்றலாம் என்பதைப் போன்றது.

பிறந்தநாளன்று பெரியப்பா சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஏலே, இது என்ன, ராவணன் மீசையா?" என்று கேட்டார். விவரத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் ஏட்டில் பெயருக்கு உச்சரிப்பு எழுதியிருந்த இடத்தை என்னைப் படிக்கச் சொன்னார். 'கார்டோஸா' என்று போட்டிருந்தது. "அது என்னது கார்? நம்ம வீட்ட எல்லாரும் கருதோசு வீடுன்னுல்லா சொல்லுவாவ" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்தது தவறு என்று பிறகுதான் விளங்கியது.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த வாரம் எங்கள் பங்கு ஆலயத்துக்குப் போனேன். பங்குத்தந்தையிடம் முன்பே சொல்லியிருந்ததால் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளை எடுத்து வைத்திருந்தார். தோல் அட்டை, ஓரமெல்லாம் பூச்சி அரித்த தாள், பழுப்பேறிய மை, இலத்தீனில் எழுதிய பதிவுகள். ஒவ்வொரு பதிவிலும் குழந்தையின் பெயர், தந்தை, தாய், ஞானத்தந்தை, ஞானத்தாய், முழுக்குக் கொடுத்த குருவின் கையொப்பம் என்ற வரிசை. 1911ஆம் ஆண்டுப் பதிவில் என் தாத்தா இருந்தார்; குடும்பப் பெயர் 'ஆ' ஓசையில் முடிந்திருந்தது. 1884ஆம் ஆண்டுப் பதிவில் பூட்டன் இருந்தார். அங்கே பெயர் 'ஓ' ஓசையில் முடிந்திருந்தது. மூலப் பெயரும் அப்படித்தான் முடியும். போர்த்துக்கீசியர் வாயில் அந்தக் கடைசி 'ஓ' உகரம் போலத் தேய்ந்தே ஒலிக்கும். நடுவில் வருவதும் நம் தகரத்தைப் போல நாக்கு பல்லைத் தொடும் ஓசையே தவிர டகரம் அன்று. அதாவது ஒரு லிஸ்பன்காரர் தம் வாயால் இப்பெயரைச் சொன்னால் ஏறக்குறைய 'கர்தோஸு' என்றுதான் கேட்கும். பள்ளிக்கூடம் போகாத எங்கள் ஊர் மக்கள் 'கருதோசு' என்று சொல்லி வந்தது சிதைவு அன்று. காதால் வாங்கியதை அப்படியே காத்து வைத்திருந்தார்கள். டகரத்தைப் புகுத்தியது ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்த எங்கள் தலைமுறை. என் ஆதார் அட்டையில் கர்டோசா, குடும்ப அட்டையில் கார்டோசா, தம்பியின் பள்ளிச் சான்றிதழில் கர்தோசா. மூன்றில் எதுவும் பெரியப்பா சொன்னதைவிட மூலத்துக்கு நெருக்கமாக இல்லை.

பூட்டனுக்கு ஞானத்தந்தையாக நின்றவரின் குடும்பப் பெயர் மச்சாது. முட்செடிக்குக் கோடரி பொறுப்பேற்றிருக்கிறது என்று பங்குத்தந்தையிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். ஆனால் பூட்டன் அவருடைய பெயரை ஏற்கவில்லை, தந்தையின் பெயரையே தொடர்ந்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஞானத்தந்தையிடமிருந்து பெயர் பெறும் வழக்கம் போய், தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் வழக்கம் அதற்குள் உறுதிப்பட்டுவிட்டது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவு பேருந்துக் கட்டணமும், காணிக்கையாகப் பெட்டியில் போட்ட இருநூறு ரூபாயும்தான்.

நிறுவனத்துக்கு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மரியாதையான மொழிதான். அறிக்கைகள் பெயரை அடிப்படையாகக் கொண்டு தயாரிக்கப்படுகின்றன, தனிப்பட்ட குடும்ப வரலாற்றுக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று விளக்கம் தந்திருந்தார்கள். அப்படியானால் 'உங்கள் முன்னோர்' என்ற சொல்லை எதற்காக அச்சிட்டீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு வாரம் கழித்துத் தொகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கேள்விக்கு விடை வரவில்லை. நெருஞ்சியை மட்டும் திருத்திப் புதிய ஏடு ஒன்றை அனுப்பியிருந்தார்கள். அதில் செடியின் பெயரைத் தமிழாக்காமல் ஆங்கில ஒலியையே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டார்கள். ஆறாம் பக்கத்தில் வீரக்குடியினர் முன்பு நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். ஒன்பதாம் பக்க வரைபடத்தில் மன்னாருக்கு வடக்கே என்று தவறாகக் குறித்திருந்த முத்துக்குளித்துறையும் இடம் மாறவில்லை.

யாருக்கு இது பயன்படும் என்று கேட்டால், பெயரின் அகராதிப் பொருளை மட்டும் அறிந்துகொண்டு வரவேற்பறையில் ஒரு படம் மாட்ட விரும்புகிறவருக்குப் பயன்படும். ஆனால் அந்தப் பொருளுக்கு 2,850 ரூபாய் மிக அதிகம், போர்த்துக்கீசிய அகராதி ஒன்றைப் புரட்டினாலே அது கிடைத்துவிடும். தன் வீட்டுக்குப் பெயர் எப்படி வந்தது என்று அறிய விரும்புகிறவருக்கு இது பயன்படாது. முத்துக்குளித்துறையைச் சேர்ந்தவர்களுக்கு இது தவறான செய்தியையும் தரும் என்பதால், ஐந்துக்கு ஒன்றரைக்கு மேல் மதிப்பெண் தர மனம் இடம் தரவில்லை. அந்த ஒன்றரையும் பொதி கட்டியதற்காகவும் ஆசாரி மெச்சிய மூலை இணைப்புக்காகவும்.

பதிவேடு பார்க்கப் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஞாயிறு திருப்பலி முடிந்த உடனே போகாதீர்கள்; திருமண ஓலைக்கும் சான்றிதழுக்கும் அப்போதுதான் கூட்டம் இருக்கும். வார நாளில், முன்கூட்டியே சொல்லிவிட்டு, முற்பகலில் போவது நல்லது. குறைந்தது தாத்தாவின் திருமுழுக்குப் பெயரையும் ஏறத்தாழப் பிறந்த ஆண்டையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர் பதிவேட்டில் இராது. ஒரே பெயரை ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள் என்பதால் எழுத்தைப் பார்த்துத் தேடாமல், வாய்விட்டுப் படித்துப் பார்த்துத் தேடுங்கள். படம் எடுப்பதற்கு முன் பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் வீட்டில் மூத்தவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்; பெரியப்பாவுக்கு மூட்டுவலி என்பதால் நான் தனியாகப் போனேன், அதனால் 1884ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஞானத்தாயாக இருந்த பெண் எந்த வீட்டைச் சேர்ந்தவர் என்று கேட்பதற்கு இன்னொரு முறை ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது.